புளி போட்டு விளக்கிய கட்டாரி

பங்சார் மேட்டில் ஒரு வீட்டின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத அறை ஒன்று இருக்கிறது. அந்த அறையைக் கட்டியவன் நான். சுவர் எழுப்பியது கொத்தனார்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஊர் ஈரம் அந்தச் சுவருக்குள் ஏறாமல் எப்படி அடைப்பது என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான். உள்ளே உள்ள கண்ணாடி அலமாரிகளை நான் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டி, ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பட்டறையில் செய்ய வைத்தேன். கதவை மூடினால் எறும்பு நுழையாது. அந்த அலமாரிகளில் இருப்பவை பாரசீக நாட்டு வெண்கல ஆயுதங்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தியவை என்று சொல்கிறார்கள். வாள், கட்டாரி, ஈட்டி முனை, பின்னால் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் கோடாரித் தலை, ஒரு பிள்ளையின் கைக்குள் அடங்கும் அம்பு முனை. ஒவ்வொன்றும் உட்காரப் பித்தளைக் கம்பியில் தாங்கி வளைத்துச் செய்தவன் நான். எந்த ஆயுதத்தின் எடை எந்தப் பக்கம் சாயும் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். காப்பாரில் எஸ்டேட் லயத்தில் பிறந்தவன். எனக்கு யாரும் வழி காட்டவில்லை, கைகொடுக்கவில்லை. இந்த நாட்டில் இந்த வேலையை என் அளவுக்குச் செய்த இன்னொரு தமிழன் இருந்தால் என் முன்னால் வரட்டும், எழுந்து நின்று கை குலுக்குகிறேன்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம், போன மாதம் வந்த ஒரு புத்தகத்தில் இவ்வளவையும் செய்தவர்கள் "வீட்டுப் பணியாளர்கள்" என்று போட்டிருக்கிறது.

என் முதல் வேலை போர்ட் கிள்ளானில், மீன்பிடிப் படகுகளின் புரொப்பல்லர் பழுது பார்க்கும் பட்டறையில். வெண்கலம் எனக்கு அங்கேதான் பழக்கம். கடல் உப்பு வெண்கலத்தை எப்படித் தின்னும், மேலே நல்ல பச்சை போல இருந்துகொண்டு உள்ளே எப்படிப் பொடியாக்கும் என்பதெல்லாம் கையால் படித்த படிப்பு. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. கை எரிந்தது, முதுகு வலித்தது, வேலை வந்தது.

ஒரு நாள் லோரி கம்பெனி முதலாளி சிவநேசன் பட்டறைக்கு வந்தார். அவர் லோரி அச்சு ஒன்றைக் காட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தோம். காகிதத்தில் சுற்றிய ஒரு கோடாரித் தலையை மேசையில் வைத்தார். அதன் கழுத்தில் விரிசல்.

"இதை ஒட்ட முடியுமா?"

ஃபோர்மேன் கேஸ் டார்ச்சை எடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஆள் இல்லை. "அண்ணே, அதுல நெருப்பைக் காட்டாதீங்க. உள்ள உலோகமே மிச்சம் இல்ல, பூரா களிம்பு. காட்டினீங்கன்னா பிஸ்கட் மாதிரி உதிர்ந்துடும்."

"நீ பெரிய டாக்டர் லா" என்றார் ஃபோர்மேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். "உன் பேரென்ன?"

"மாணிக்கம்."

"மாணிக்கம், ஒட்டாம வேற என்ன பண்ணலாம் இதுக்கு?"

"ஒன்னும் பண்ணாதீங்க பாஸ். காய்ஞ்ச இடமாப் பார்த்து வையுங்க."

அடுத்த வாரம் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். லோரிக்கு இல்லை, ஆயுதங்களுக்கு.

பாஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படிப்பில் அவரும் என்னைவிடப் பெரிதாக ஒன்றும் தாண்டியவர் இல்லை. பழைய லோரிகள் வாங்க வெளிநாடு போன இடத்தில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் ஒரு அம்பு முனையைப் பார்த்திருக்கிறார். "எவனோ ஒருத்தன் இதை எய்திருக்கான் மாணிக்கம். திரும்பி வந்து தேடலை பாரு" என்று என்னிடம் சொன்னார். அங்கே ஆரம்பித்ததுதான். ஆனால் கண்டதையும் வாங்க மாட்டார். எங்கிருந்து வந்தது, முன்னால் யாரிடம் இருந்தது என்று பேப்பர் காட்டினால்தான் கை நீட்டுவார். பேப்பர் இல்லாமல் வந்தவர்களுக்கு டீ மட்டும் கிடைக்கும்.

காலையில் சாமி கும்பிட்டுவிட்டு, நெற்றியில் விபூதியோடு, செருப்பில்லாமல் அறைக்குள் வருவார். போனை வெளியே வைத்துவிடுவார். கையுறை போட்டுக்கொண்டு ஏதாவது ஒன்றைக் காட்டி, "இவன் எப்படி இருக்கான்?" என்பார். ஆயுதங்கள் எல்லாம் அவருக்கு 'இவன்', 'அவன்'தான். "நல்லா இருக்கான் பாஸ்" என்பேன். அதை மடியில் விரித்த துணியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் வாயால் 'நல்லா செஞ்சிருக்கே' என்று சொன்னதில்லை. மனசுக்குப் பிடித்துவிட்டால் மூக்குக்கண்ணாடிக் கூட்டை முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். கோபம் வந்தால் குரல் ஏறாது. 'நீ' போய் 'நீங்க' வந்துவிடும். "நீங்க கொஞ்சம் இங்க வர முடியுமா" என்றால், கையில் உள்ளதை வைத்துவிட்டு ஓடுவேன்.

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு அம்மாவை வரவழைத்தார். பழைய உலோகங்களைப் பராமரிப்பதுதான் அவருக்குத் தொழில். எனக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. அவர் கையைப் பார்த்து நான் செய்வேன், என் கையைப் பார்த்து அவர் தலையாட்டுவார். விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறது, வெறுங்கையால் தொடாதே என்பதை, தன் விரலை நக்கிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். தாங்கிகளுக்கு நான் ரப்பர் சுற்றியிருந்தேன். ரப்பர் பட்ட இடம் வெண்கலம் கறுக்கும் என்று அதை உருவிக் குப்பையில் போட்டார். அதன் பிறகு மெல்லிய பருத்தித் துணிதான். அலமாரி அடியில் ஈரம் குடிக்கும் மணிகளைத் தட்டில் பரப்பினோம். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், ஈரம் குடித்துவிட்டால் பச்சையாகிவிடும். அதை மறுபடி காய வைக்க, செராஸில் மூடிவிட்ட ஒரு ரொட்டிக் கடையின் அடுப்பை வாங்கி வந்தது என் யோசனை. அந்த அம்மா அதைப் பார்த்துக் கைதட்டினார். இது புத்தகத்தில் இல்லை.

ஒரு முறை ஒரு வியாபாரி நீள வாள் ஒன்றைக் கொண்டுவந்தார். சூட்டும் டையும் போட்டவர், பேப்பரும் பக்காவாக வைத்திருந்தார். பாஸுக்குக் கண் அதிலேயே நின்றுவிட்டது. நான் பஞ்சுக் குச்சியைத் தின்னரில் நனைத்து, கைப்பிடி ஓரத்தில் உருட்டினேன். பஞ்சு பச்சையானது. மண்ணுக்குள் வளர்ந்த களிம்பு தின்னருக்கு வராது, கல் போல நிற்கும். இது பெயின்ட். குச்சியைப் பாஸ் பக்கம் நீட்டினேன்.

பாஸ் அந்த மனிதரிடம், "நீங்க சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். அந்த 'நீங்க' எனக்கு மட்டும் புரிந்தது. அந்த ஆள் வாழை இலை போட்டு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாளைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் போனதும் மூக்குக்கண்ணாடிக் கூட்டால் முழங்காலில் இரண்டு தட்டு.

ஆனால் விருந்தாளிகள் வந்தால் நான் அறைக்கு வெளியே, கையுறைத் தட்டோடு நிற்பேன். "இது யார்?" என்று யாராவது கேட்டால் பாஸ், "நம்ம ஆளு" என்பார். அப்போது எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த அறையில் வேலை என்றால் தனியாகத்தான். ரேடியோ இல்லை, போன் எடுக்காது, கதவை அடிக்கடி திறக்கக் கூடாது. காலையில் உள்ளே போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே. ஊசியும் பூதக்கண்ணாடியும் நானும். சில நாள் வீட்டுக்குப் போய் வாயைத் திறந்தால் எனக்கே என் குரல் புதிதாக இருக்கும். என் மனைவி சரோஜா, "என்னாங்க, இன்னிக்கு அந்தக் கத்திங்க என்ன சொல்லிச்சு?" என்று கேட்பாள். சொல்வேன். கேட்க அவள் ஒருத்தி இருந்தாள்.

இனி அந்தக் கட்டாரி.

வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்று பாஸ் கிள்ளான் யார்டில்தான் இருப்பார். லோரிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வந்து இந்த அறையிலும் தீபம் காட்டுவார். "லோரிக்குச் செய்யறோம், ஸ்பேனருக்குச் செய்யறோம். நிஜ ஆயுதம் இங்கதானே இருக்கு" என்பார். நியாயம்தான். ஆனால் வெண்கலத்தின் மேல் பொட்டு வைக்க நான் விடமாட்டேன். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம்: பொட்டு அலமாரிக் கண்ணாடிக்கு, பூ தட்டில், தீபம் வாசலில். அந்த ஒரு நாளைக்கு மட்டும் கண்ணாடி முழுக்க வரிசையாகக் குங்குமப் பொட்டு இருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

ஒரு வருஷம் பூஜை நேரத்தில் நான் இல்லை. சரோஜாவைக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். சிறுநீரகம். பாஸ்தான், "அறையை நான் பாத்துக்கறேன், நீ அவங்க பக்கத்துல இரு" என்று அனுப்பினார்.

சில வாரம் கழித்து வார்டு வராந்தாவில் நிற்கும்போது போன். "மாணிக்கம், நீங்க கொஞ்சம் வர முடியுமா?"

நான் என்ன தவறு செய்தேன் என்று தெரியாமலே புறநகர் கம்யூட்டர் ரயிலைப் பிடித்தேன். அறைக்குப் போனால், கட்டாரிகளிலேயே நல்ல கட்டாரி, கைப்பிடியில் எலும்போ மரமோ பதித்திருந்த குழியோடு இருப்பது, நடு வரப்பு நெடுக்கச் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. அந்தக் கரும்பச்சை போய்விட்டது. அதோடு போனால் பரவாயில்லை, இரண்டு ஓரமும் வெளிர் பச்சையில் பொடி பூத்திருந்தது. மாவு தூவினது போல. இது நல்ல களிம்பு இல்லை. உப்பு உள்ளே போய் உலோகத்தைத் தின்னும் நோய். விட்டால் கட்டாரி பொடியாகும், பக்கத்தில் இருப்பதற்கும் ஆபத்து.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. சமையலறைக்குப் போய், வீட்டில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண் யாத்தியைப் பிடித்தேன். வாயில் வந்தபடி கேட்டேன். அவள் ஈரக் கையோடு நின்று, "புக்கான் சாயா, பாக்" என்று அழுதாள். நானில்லை, நானில்லை என்கிறாள், நான் நம்பவில்லை.

பாஸ் பின்னால் வந்து நின்றார். "அவளை விடு. நான்தான்."

நான் திரும்பினேன்.

"பூஜை அன்னிக்கு நீ இல்ல. வீடு பூரா யாரும் இல்ல. இவனைக் கையில எடுத்தேன். எங்கம்மா குத்துவிளக்கை விளக்குற மாதிரி, ஒரு தடவை ஒருத்தனையாவது நல்லாச் செய்வோமேன்னு…" நிறுத்தினார். "புளியும் உப்பும் போட்டேன். தங்கம் மாதிரி வந்துச்சு மாணிக்கம். பொட்டு வச்சு, கும்பிட்டு, உள்ள வச்சிட்டேன்."

மூவாயிரம் வருஷம் மண்ணில் தப்பித்ததை ஒரு உருண்டைப் புளி கொன்றுவிடும் என்று யாருக்குத் தோன்றும்? நம் வீடுகளில் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள். நான் திட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் திட்டத் தோன்றாது.

"ஆஸ்திரேலியாவுக்கு, அந்தம்மாகிட்ட அனுப்பலாமா?" என்றார்.

"அனுப்பற வழியிலேயே பாதி போயிடும் பாஸ். நான் பாக்கறேன்."

எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன். முதலில் கட்டாரியைத் தனி அறைக்கு மாற்றினேன். பூதக்கண்ணாடிக்கடியில் ஒவ்வொரு பொடிப் புள்ளியையும் ஊசி முனையால் தோண்டி எடுத்தேன். நல்ல களிம்பின் மேல் ஊசி பட்டால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், நோயின் மேல் பட்டால் சத்தமே வராது. அதை வைத்துத்தான் நிறுத்துவேன். பிறகு தண்ணீர். குழாய்த் தண்ணீர் ஆகாது. யார்டில் லோரி பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் டின் டின்னாக இருந்தது, அதைக் கொண்டுவரச் சொன்னேன். கட்டாரியை அதில் ஊறப் போட்டு, தினமும் மாற்றினேன். பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, கறுப்பு பாட்டிலில் இருக்கும் வெள்ளி மருந்தை ஒரு சொட்டு விட வேண்டும். உப்பு இன்னும் வந்துகொண்டிருந்தால் தண்ணீர் பால் போலத் திரியும். திரிந்தால் மறுபடி புதுத் தண்ணீர்.

முதல் நாளெல்லாம் கெட்டியான பால். காலையில் ஆஸ்பத்திரி, மதியம் பங்சார். சரோஜா, "உங்க கத்தி எப்படி இருக்கு?" என்பாள். "இன்னும் பால்தான்" என்பேன். அவளுக்கும் தினமும் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் தெளியும் முன் அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து எல்லோரும் போனார்கள். மகன் பெர்த்துக்குத் திரும்பினான். பிரிக்ஃபீல்ட்ஸ் பிளாட்டில் இருக்க முடியவில்லை. மறுநாளே பங்சாருக்குப் போய் அறைக்குள் உட்கார்ந்தேன். பார்த்தால் கட்டாரி புதுத் தண்ணீரில் இருந்தது. நான் வராத நாளெல்லாம் பாஸே மாற்றியிருக்கிறார், கையுறை போட்டு, ஒரு நாளும் விடாமல். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு தினமும் இருவரும்தான். சொட்டு விழும், திரியும், டின்னைத் தூக்குவோம்.

ஒரு மழை நாள் மதியம் சொட்டு விழுந்தது. தண்ணீர் தண்ணீராகவே நின்றது. பாஸ் கிளாஸை லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். இன்னொரு சொட்டு விடச் சொன்னார். அதற்கும் அப்படியே.

அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தேடவில்லை. வாயால் சொன்னார், அந்த ஒரே முறை. "மாணிக்கம், இதுக்கெல்லாம் ஒரு புத்தகம் போடுவேன். அதுல புளி போட்டது நான்னு எழுதுவேன். காப்பாத்துனது நீன்னு எழுதுவேன். ரெண்டையும் எழுதுவேன்."

பிறகு கட்டாரியை ஸ்பிரிட்டில் காய வைத்து, களிம்பை அமர்த்தும் மருந்தில் ஊறவைத்து, மெழுகு பூசி அதன் தாங்கியில் உட்கார வைத்தேன். நடு வரப்பில் அந்தச் சிவப்பு மட்டும் திரும்பப் பச்சையாகவில்லை, பழுப்பாக நின்றுவிட்டது. இன்றைக்கும் தெரியும்.

பாஸ் புத்தகம் போடும் முன்னால் போய்விட்டார். தூக்கத்தில். நான் இன்னும் கொஞ்ச காலம் அறையைப் பார்த்தேன், பிறகு கண் மங்கிற்று, நின்றுகொண்டேன்.

இப்போது அவர் மகள் நிர்மலா ஆயுதங்களைக் கண்காட்சிக்கு வைக்கிறாள். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். போன மாதம் லட்டு டப்பாவோடு என் பிளாட்டுக்கு வந்து புத்தகத்தைக் கொடுத்தாள். அட்டையில் அந்தக் கட்டாரி. கடைசிப் பக்கத்தில் போட்டோ எடுத்தவர், இன்சூரன்ஸ், லோரி எல்லோருக்கும் பேர் போட்டு நன்றி. பிறகு "வீட்டுப் பணியாளர்களுக்கும்."

"இதுல நான் எங்கம்மா?"

"அதுதான் அங்கிள், பணியாளர்கள்னா எல்லாரும் அடங்கிடுவாங்கல்ல."

"போட்டோ எடுத்தவர் அடங்கலையே. அவர் ரெண்டு நாள் வந்தார்."

அவள் லட்டு டப்பாவின் ரிப்பனைச் சுற்றினாள். "அங்கிள், உங்க பேரைப் போட்டா என்ன செஞ்சார்னு போடணும். காப்பாத்தினார்னு போட்டா எதுலேருந்துன்னு கேப்பாங்க. அப்பா புளி போட்டு வெளக்கினார்னு நான் எப்படி எழுதறது? பெரிய பெரிய ஆளுங்க பாக்கப் போறாங்க. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்மா. உங்கப்பாவே ரெண்டையும் எழுதுவேன்னுதான் சொன்னாரு."

"அவர் சொன்னது உங்களுக்கு மட்டும்தானே தெரியும் அங்கிள்."

உண்மைதான். அந்த அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். ஒருவர் இல்லை.

அவள் போனபின் புத்தகத்தை டிவி பக்கத்தில் வைத்தேன். என் ஹாலில் அந்த அறையின் பழைய ஈரமானி ஒன்று ஆணியில் தொங்குகிறது. முள் உடைந்தது என்று தூக்கிப் போட்டதை ரிப்பேர் செய்து வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன். மழை நாளில் முள் ஏறிவிடும். கெடுவதற்கு வீட்டில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் பார்க்கிறேன். யாரிடமும் சொல்வதற்கில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். மற்றபடி லிஃப்டில், தோசைக் கடையில், கிளினிக்கில் எல்லோருக்கும் நான் அங்கிள். மாணிக்கம் என்று கூப்பிட்டவர் பாஸ் ஒருவர்தான்.

ஆகவே இங்கே எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். பாஸை அவமானப்படுத்துகிறேன் என்று யாரும் நினைத்தால் நினைக்கட்டும். புளி போட்டது அவருக்கு அவமானம் இல்லை. ஆயுதத்தின் மேல் அவ்வளவு ஆசை வைத்த மனுஷன் என்று அர்த்தம். அதைவிடப் பெரிது, என் பெண்டாட்டி செத்த வாரத்தில் எனக்காகத் தண்ணீர் மாற்றினார். அவர் மகளுக்கு அது தெரியாது. இப்போது தெரியும்.

நிர்மலா, இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அந்த 'வீட்டுப் பணியாளர்கள்' வரியை எடுத்துவிடு. யாத்தி பேரைத் தனியாகப் போடு, அவள் செய்யாததற்குத் திட்டு வாங்கியவள். அட்டைக் கட்டாரியின் கீழே இப்படிப் போடு: ஆயுத பூஜை அன்று இதைப் புளி போட்டு விளக்கியவர் சிவநேசன். காப்பாற்றியவர் காப்பார் மாணிக்கம். உன் அப்பா சொன்னபடி, இரண்டும். கண்காட்சி திறக்கும் அன்று நான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து படிப்பேன். மூன்றாம் வகுப்புதான் என்றாலும் என் பேரைப் படிக்கத் தெரியும்.